கண் மருந்துப் புட்டி அனுப்ப இயலாதது குறித்து

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே உன் அண்ணி நலம். நான் நலமா இல்லையா என்பதை இப்போதெல்லாம் அவள்தான் முடிவு செய்கிறாள், கேட்டுச் சொல்கிறேன். அங்கே நீயும், உன் மனைவியும், உன் டிரைவிங் ஸ்கூல் கார்களும், அந்தக் கார்களில் உன்னை நம்பி ஏறி உட்காரும் அப்பாவி மக்களும் காயம் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. போனில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிட்டு, "சரிண்ணே, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நீ எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பார். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், உன் கண்ணில் அழுத்தம் அதிகம் இருப்பது போலத் தெரிகிறது, உடனே கண் டாக்டரைப் பாருங்கள் என்று கடைக்காரர் சொன்னார். உனக்கு டாக்டரைப் பார்க்க நேரமில்லை. அண்ணனுக்கும் அதே நோய்தானே, இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே மாதிரி மூக்கு, அப்புறம் எதற்குத் தனித்தனி டாக்டர், ஆகவே அண்ணன் போடும் சொட்டு மருந்தில் ஒரு புட்டியைப் பார்சலில் அனுப்பி வைக்கவும். அடடா. மூக்கை வைத்துக் கண்ணுக்கு மருந்து எழுதிய முதல் ஆள் உலகத்திலேயே நீதான். அதற்குக் கீழே போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். வாசல் கேட்டின் இடப்பக்கத் தூணில் ஒரே மாதத்தில் இரண்டு முறை கார் உரசிவிட்டது, கொத்தனார் தூணைக் கோணலாகக் கட்டிவிட்டான், ஆள் வைத்து அதை இடித்துத் தள்ளப்போகிறேன் என்று. அந்தத் தூண் பதினெட்டு வருடமாக அங்கேயேதான் நிற்கிறது. இத்தனை வருடம் கழித்து அதற்கு உன்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. முப்பது வருடமாக ஊருக்கே கார் ஓட்டச் சொல்லித் தருகிறவன் சொல்கிறாய், தப்பு தூணின் மேல்தான் இருக்க வேண்டும்.

தூண் இருக்கட்டும், முதலில் புட்டி. அனுப்ப முடியாது. ஏன் முடியாது என்பதை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ கேட்ட அந்த ஒரு புட்டியால் இந்த வீட்டில் என் மானம் கப்பலேறிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் உன்னைப் போலக் கண்ணாடி மாற்றத்தான் போனேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, மெதுவான பேச்சு. என் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் நீல விளக்கைக் காட்டி, என்னென்னவோ எழுதிக்கொண்டே போனார். கடைசியில் "உங்களுக்குக் கண் அழுத்த நோய் சார், க்ளாகோமா" என்றார். எனக்கு வலிக்கவே இல்லையே என்றேன். "வலிக்காது" என்றார். சிவக்கவில்லையே என்றேன். "சிவக்காது" என்றார். எல்லாமே நன்றாகத் தெரிகிறதே என்றேன். "நேரா இருக்கிறது தெரியும் சார். ஓரத்துலேருந்துதான் போகும். போறது உங்களுக்கே தெரியாது. போனது திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து" என்றார். முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். தராசில் குறை என்றால் ஏமாந்தவர் ஒருவராவது வந்து சத்தம் போடுவார். வலி இல்லை, சிவப்பு இல்லை, சம்பந்தப்பட்ட கண்ணே புகார் கொடுக்கவில்லை, அப்படியும் ஒரு வழக்கு. எனக்கு அப்போதே டாக்டரம்மாவின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மருந்து எழுதுவதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். "உங்களுக்கு வீசிங், ஆஸ்துமா ஏதாவது உண்டா? நாடித்துடிப்பு குறைவா இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" எனக்கு ஒன்றும் இல்லை, என் தம்பிதான் சின்ன வயதிலிருந்தே வீசிங்கில் கஷ்டப்படுகிறான், இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான் என்று உன் சரித்திரத்தை முழுக்கச் சொன்னேன். "உங்க தம்பிக்கு நான் மருந்து எழுதலை சார்" என்று சிரித்தார். இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அப்புறம் நர்ஸம்மா எனக்குச் சொட்டு மருந்து போடும் முறையைக் கற்றுக் கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை லேசாக இழுத்துச் சின்னப் பை மாதிரி செய்து, அதற்குள் ஒரே ஒரு சொட்டு. புட்டியின் முனை கண்ணிலோ இமை முடியிலோ படக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மருந்து உடம்புக்குள் இறங்காமல் கண்ணிலேயே நிற்குமாம். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை, இரண்டு கண்ணிலும். புட்டியைத் திறந்து நாலு வாரம் ஆனால், உள்ளே மருந்து மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கேட்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. நர்ஸம்மா காட்டியது ஒரு பிளாஸ்டிக் கண்ணில். பிளாஸ்டிக் கண் இமைக்காது.

முதல் நாள் முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. இரண்டாவது மீசையில். மூன்றாவது எங்கே போனது என்பது இன்றுவரை தெரியவில்லை. உன் அண்ணி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடுங்க, நான் போடறேன் என்று வந்து என் தாடையைப் பிடித்தாள். "கண்ணைத் திறங்க" என்றாள். "திறந்துதான் வெச்சிருக்கேன்" என்றேன். "அது வாய்" என்றாள். இப்படி இரண்டு பேரும் குளியலறைக் கண்ணாடி முன்னால் மல்லுக்கட்டியதில் புட்டி தரையில் விழுந்து உருண்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அதை எடுக்க நான் குனிந்தேன், என் மூக்குக்கண்ணாடி விழுந்தது. அதை எடுக்க அவள் குனிந்தாள், எங்கள் இரண்டு தலையும் மோதின. கண் அழுத்தத்தைக் குறைக்கப் போய் இரண்டு பேருக்கும் மண்டையில் வீக்கம். அத்தோடு இனி நானே போட்டுக்கொள்கிறேன், நீ பக்கத்திலேயே வராதே என்று உத்தரவு போட்டுவிட்டேன். எல்லாக் கெடுதலுக்கும் அந்த உத்தரவுதான் ஆரம்பம்.

இரண்டாவது புட்டி வந்தபோது எனக்குள்ளே இருந்த ஆய்வாளர் விழித்துக்கொண்டார். லேபிளில் ஐந்து மில்லி என்று போட்டிருந்தது. அது எனக்கு ஐந்து மில்லி மாதிரித் தெரியவில்லை. என்னை அந்தச் சந்தேகத்தோடு தூங்கச் சொல்கிறாயா? ஓய்வு பெற்ற நாளில் ஆபீஸில் நினைவாகக் கொடுத்த கண்ணாடி அளவுக்குழாய் அலமாரியில் சும்மாதானே இருந்தது. அதைத் துடைத்து மேஜைமேல் நிறுத்தி, புட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டே பிழிந்தேன். அரை மணி நேர வேலை, கை வலித்தது. கடைசிச் சொட்டு விழுந்ததும் குனிந்து அளவைப் பார்த்தேன். சரியாக ஐந்து மில்லி இருந்தது. கம்பெனியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. புட்டியில்தான் மருந்து இல்லை. குழாயிலிருந்து திரும்ப ஊற்றக்கூடாது, கிருமி போய்விடும் என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்ததால் அத்தனையையும் தொட்டியில் கொட்டிவிட்டு, முதல் புட்டியையே தொடர்ந்து உபயோகிப்பது என்று முடிவு செய்தேன். நாலு வாரக் கெடு அதற்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. நான் அதற்கு நீட்டிப்பு வழங்கினேன். அதிகாரம் கையில் இருந்து பழகியவனுக்கு நீட்டிப்பு வழங்குவது பெரிய விஷயமில்லை.

மருந்து போட்டால் கண் கொஞ்சம் எரியும், கொஞ்ச நேரம் மங்கும். போடாவிட்டால் எரியாது, மங்காது. ஆக, போட்டால்தான் தொந்தரவு, போடாவிட்டால் சுகம். இதை நான் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. முதலில் காலை வேளை போயிற்று, ஏழு மணிக்கு நடைப்பயிற்சி இருக்கிறதே. பிறகு மாலை வேளை போயிற்று, ஏழு மணிக்குச் செய்தி இருக்கிறதே. கடைசியில் ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தேன். டாக்டரம்மாவிடம் போகவேண்டிய தேதிக்கு ஐந்து நாள் முன்னால் ஆரம்பித்து, காலையும் மாலையும் தவறாமல் போடுவது. பார்த்துவிட்டு வந்த அன்றே நிறுத்திவிடுவது. உன் அண்ணி மாதாமாதம் கடையில் வாங்கி என் கையில் கொடுக்கும் புதுப் புட்டிகளைப் பிரிக்காமல் என் பழைய ஆபீஸ் பையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிடுவேன்.

ஏற்பாடு எவ்வளவு அழகாக வேலை செய்தது தெரியுமா? ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா அழுத்தத்தை அளந்துவிட்டு, "ரொம்ப ஒழுங்கா போடறீங்க சார், உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்றார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாவது முறை போனபோது, புதிதாக வந்த ஒரு பெரியவர் சொட்டுப் போடப் பயப்படுகிறார், உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று என்னைக் காத்திருக்கும் கூடத்துக்கே அனுப்பி வைத்தார். போனேன். ஒருவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன், பதினோரு பேர் கூடிவிட்டார்கள். கை கழுவுவதிலிருந்து மூக்கோரத்தை அழுத்துவது வரை செய்து காட்டினேன். "ஒரு வேளைகூட விடக்கூடாதுங்க, பல் தேய்க்கிற மாதிரி பழக்கமாகணும்" என்று நானே சொன்னேன். ஒரு அம்மா அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். தம்பி, இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தடவை டீ குடித்தேன்.

அன்றே இன்னொரு பரிசோதனையும் நடந்தது. இருட்டு அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஓரத்தில் எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே வெளிச்சங்கள் ஒரு தாளத்தோடு வருவதைக் கண்டுபிடித்துவிட்டேன். சிலது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் விட்டுவிடுவதா, இத்தனை நாள் வாங்கிய நல்ல பெயர் என்ன ஆவது? தாளத்துக்கு அமுக்கிக்கொண்டே போனேன். மெஷின் பக்கத்தில் இருந்த பெண், "சார், வெளிச்சமே வராதப்பவும் அமுக்கறீங்க" என்றாள். மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

முடிவுத் தாளை டாக்டரம்மா, நோய் தெரிந்த அன்று எடுத்த தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் கறுப்பாக ஒரு திட்டு. போன தாளில் சின்னதாக இருந்தது இதில் பரவியிருந்தது. "அழுத்தம் நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு, மருந்தும் ஒழுங்கா போடறீங்க, ஆனா பார்வை குறைஞ்சுக்கிட்டே வருதே. அப்ப இந்த மருந்து போதலைன்னுதான் அர்த்தம்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் ஆபரேஷன் செய்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணில் கத்தி வைத்துக்கொள்ள ஒருவன் தயாராக இருந்தான் என்று யாராவது சொன்னால் நீ நம்புவாயா? நம்பு, அவன்தான் உனக்கு அண்ணன்.

இந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆறு புட்டி பையில் கனத்துக்கொண்டிருந்தது, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். நீயே வாய்விட்டுக் கேட்கிறாய். ஒன்று கேட்ட தம்பிக்கு ஆறாக அனுப்புவோம் என்று ஒரு அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து, ஆறையும் அடுக்கி, டேப் ஒட்டி, உன் முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உன் வீசிங் எனக்கு ஞாபகமே வரவில்லை.

குளித்துவிட்டு வந்தால் பெட்டி திறந்திருக்கிறது. உன் அண்ணி புட்டிகளை மேஜைமேல் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாள். பக்கத்தில் மருந்துக் கடைச் சீட்டுகள். "மாசத்துக்கு ஒண்ணு, எட்டு மாசத்துக்கு எட்டு வாங்கினேன். இங்கே பிரிக்காதது ஆறு இருக்கு. மீதி ரெண்டுதான். ரெண்டை வெச்சுக்கிட்டு எட்டு மாசம் எப்படி ஓட்டினீங்க?" என்று கேட்டாள். சொட்டு சின்னதாக விழும்படி பிழிந்தேன் என்று ஏதோ உளறினேன். அந்த இரண்டிலும் ஒன்றைத்தான் அளவுக்குழாயில் கொட்டினேன் என்பதைச் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க சோதனைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் நல்ல எடைக்கல்லை எடுத்து வெச்சு, மத்த நாளெல்லாம் குறை எடைக்கல்லுல நிறுத்த கடைக்காரரைப் பிடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஒருத்தனா, எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அவங்களை என்ன செஞ்சீங்க?"

"தராசைப் பறிமுதல் பண்ணிக் கடைக்குச் சீல் வெச்சேன்."

"அதிகாரிக்கு முன்னாடி சரியா நிறுத்தாங்களே, அப்புறம் ஏன் சீல் வெச்சீங்க?"

"அதிகாரிக்கா நிறுக்கணும்? வாங்க வர்ற ஜனங்களுக்கு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். உன் அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒருவரும் மாட்டி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை என்னை முன்னால் விட்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் டாக்டரம்மாவிடம் வந்தாள். எல்லாவற்றையும் நானே சொன்னேன். அளவுக்குழாய் உட்பட. அந்த இடத்தில் நர்ஸம்மா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆபரேஷன் சீட்டைத் திரும்ப வாங்கி இரண்டாகக் கிழித்தார். "மருந்து வேலை செய்யலைன்னு நினைச்சுட்டேன் சார். மருந்து உள்ளேயே போகலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? போட மறந்தா மறந்தேன்னு சொல்லுங்க, எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லுங்க, வேற மருந்து இருக்கு. என்கிட்ட நல்ல பேர் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்றார். தாளில் இருக்கும் அந்தக் கறுப்புத் திட்டு மறையுமா என்று மட்டும் கேட்டேன். "போனது போனதுதான்" என்றார். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு வாருங்கள், இருப்பதைப் பிடித்து நிறுத்துவோம் என்றார்.

கிளம்பும்போதுதான் உன் அண்ணி அந்தப் பெட்டியை மேஜைமேல் வைத்து, "இவரோட தம்பி கேட்டாருன்னு இதை அனுப்பப் பார்த்தாரு டாக்டர், அனுப்பலாமா?" என்றாள். டாக்டரம்மா பெட்டியின் மேல் இருந்த உன் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "உங்க தம்பிக்குத்தானே வீசிங்? அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க? இந்த மருந்து வீசிங் இருக்கிறவங்களுக்கு மூச்சை அடைச்சிடும் சார். சொட்டுதானேன்னு நினைக்காதீங்க, அது கண்ணோட நிக்காது. உயிருக்கே ஆபத்தாயிருக்கும்!" அன்றைக்குச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. டேப் ஒட்டி, முகவரி எழுதி, கையிருப்பு தீர்ந்தது என்று சந்தோஷமாகக் குளிக்கப் போனேனே தம்பி. உன் அண்ணி ஒரு மணி நேரம் வெளியே போயிருந்தால் அந்தப் பெட்டி தபாலில் போயிருக்கும்.

ஆகவே, இப்போது இந்த வீட்டில் அவசரநிலை அமலில் இருக்கிறது. புட்டியைத் திறந்த தேதி அதன்மேல் பேனாவால் எழுதப்படுகிறது. சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. ஒவ்வொரு வேளையும் நான் கையெழுத்துப் போட வேண்டும், உன் அண்ணி மேலொப்பம் போடுகிறாள். நான் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்கிறேன், அப்படிப் படுத்தால் சொட்டு நெற்றிக்குப் போவதில்லை. அதற்கப்புறம் வருவதுதான் அந்த இரண்டு நிமிடம். கண்ணை மூடி, இரண்டு விரலால் மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு, அசையாமல் படுத்திருக்கிறேனா, எழுந்து போகவும் முடியாது, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளவும் முடியாது. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததே இல்லை. என்றைக்கோ நான் குடையைப் பேருந்தில் விட்டது, அவள் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசாதது, எல்லாம் தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு நிமிடம் என்ற அளவில் எனக்கு ஊற்றப்படுகிறது. மருந்தைவிட இது அதிகம் எரிகிறது.

போன வாரம் ஒரு நாள் மட்டும் அவள் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "நான் இப்பல்லாம் உங்களுக்கு வலது பக்கமாவே வந்து நிக்கறேன், கவனிச்சீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "இடது பக்கம் நின்னு டீயை நீட்டினா நீங்க திரும்பறதே இல்லை. வேணும்னே செய்யறீங்கன்னு மூணு மாசம் மனசுக்குள்ள திட்டினேன். அப்புறம் ஒரு நாள் கையை அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தேன். நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். நான் டம்ளரைத் தட்டிவிட்டபோதெல்லாம், வழியில் வைத்தது யார் என்று அவள்மேல்தான் கத்தியிருக்கிறேன். ஸ்டூலில் இடித்துக்கொண்டபோது ஸ்டூலைத்தான் திட்டினேன். தினமும் ஒரே இடத்தில் இருக்கிற ஸ்டூலை. இரண்டு நிமிடம் முடிந்த பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போட்ட மருந்து வெளியே வந்துவிடும் போல் இருந்தது.

இதுதான் விவரம். சுருக்கமாகச் சொன்னால், புட்டி கிடையாது. என் மருந்து எனக்கு, உன் மருந்தை உன் கண்ணையும் நெஞ்சையும் பார்த்து ஒரு டாக்டர் எழுதவேண்டும். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் கட்டாயம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் இதன்மூலம் தெரிவித்துவிட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். உனக்கு அறுபத்தொரு வயது, நான் காதைத் திருகிக் கூட்டிப்போகிற வயதா? நான் வற்புறுத்தமாட்டேன், இதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். தூணையும் உன் விருப்பப்படி இடித்துத் தள்ளு. அடுத்தது கேட், அதற்கடுத்தது எதிர்வீட்டுச் சுவர் என்று, கோணலாக இருக்கிற ஒவ்வொன்றாக நீ அப்புறப்படுத்தலாம்.

உன் மனைவிக்கு என் ஆசிகள். உன்னிடம் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். நீ எல்லா நலமும் பெற்று, முடிந்தால் கொஞ்சம் புத்தியும் பெற்று வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: மேலே 'உன் இஷ்டம்' என்றும் 'வற்புறுத்தமாட்டேன்' என்றும் எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். உன் கடிதத்தில் அந்தத் தூண் விஷயத்தை மூன்றாவது முறை படித்தபோது என் ஸ்டூல் ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வருகிற வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு டாக்டரம்மாவிடம் உன் பெயருக்கு நேரம் வாங்கியாகிவிட்டது, வீசிங் என்பதையும் முதல் வரியில் எழுதச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் நானும் உன் அண்ணியும் அங்கே வருகிறோம். நீ வகுப்பு முடிந்து காரைக் கொண்டுவரும்போது நான் வாசலில், உனக்கு இடது பக்கமாக, ஒரு சத்தமும் போடாமல் நின்றுகொண்டிருப்பேன். என்னைப் பார்த்துவிட்டாயானால் நான் இதுவரை எழுதியதெல்லாம் ஒரு வேலையில்லாத கிழவனின் புலம்பல், நீ தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் டாக்டரிடம் அப்போதும் போகத்தான் வேண்டும். பார்க்கவில்லையானால், கார்ச் சாவியை உன் மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பின் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார். அதுவரை அந்தத் தூணை இடித்துவிடாதே. நான் அதன் பின்னால்தான், தலையும் தோளும் வெளியே தெரியும்படி, நிற்கப் போகிறேன், உன் கார் வரும்போது எனக்கும் உனக்கும் நடுவில் அது இருக்கட்டும்.